நூறு பேராசிரியர்களுக்கு எழுதியும் பதில் இல்லை: பெரிய பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் இடம் தேடுவது எப்படி?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

நுண்ணுயிரியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். உள்ளே நுழைந்த ஆன்டிபயாடிக்கை பாக்டீரியா வெளியே தள்ளிவிட உதவும் பம்ப்புப் புரதங்கள்தான் அவருடைய ஆய்வு. இன்னும் ஆறு மாதத்தில் தீசிஸைச் சமர்ப்பித்துவிடுவார். அடுத்து போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி தேடுகிறார். முதல் ஆசிரியராக ஒரு பேப்பர் வந்திருக்கிறது. இரண்டாவது பேப்பர் எழுதி முடித்து, கைடிடம் கொடுத்து, பல மாதமாக அப்படியே கிடக்கிறது. இடையில் குழந்தை பிறந்ததால் ஓராண்டுக்கு மேல் ஆய்வு நின்றுபோனது. உலகத் தரவரிசையில் முதல் இருபது இடங்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நூறு பேராசிரியர்களுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மூன்று பேர் ‘இடமில்லை’ என்றார்கள். ஒரே ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்: “ஆறு மாதம் உங்கள் செலவில் வருகை ஆய்வாளராக வாருங்கள், அப்புறம் பணம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.”

போகலாமா என்று கேட்கிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு போஸ்ட்டாக் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்சியை நம்பலாமா, கைடிடம் சொல்லாமல் இரண்டாவது பேப்பரை பிரீபிரிண்டாக (ஆய்விதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் வெளியிடும் வடிவமாக) போட்டுவிடலாமா, குழந்தைக்காக எடுத்த இடைவெளியை சிவியில் மறைக்கலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரி இது: “பெரிய பெயர் இல்லாத இடத்துக்குப் போனால் என் ஆராய்ச்சி வாழ்க்கை அவ்வளவுதானா?”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் இணைத்தது நல்லதாயிற்று. பதில் வராததற்கு உங்கள் தகுதி காரணமில்லை என்பது அதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். பதில் கேட்டு ஒருவர் காத்திருப்பதால் அந்த அழைப்பை முதலில் பார்த்துவிடுவோம்.

சம்பளமில்லாத ஆறு மாதம்

போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை. போஸ்ட்டாக் என்பது படிப்பு இல்லை, வேலை. பிஎச்.டி. முடித்த ஒருவர் முழுநேரம் ஆய்வு செய்தால் அதற்குச் சம்பளமோ, ஆய்வாளரின் பெயரிலேயே கிடைக்கும் உதவித்தொகையான ஃபெலோஷிப்போ உண்டு. வருகை ஆய்வாளராகப் போனால் பெரும்பாலான இடங்களில் நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் ஆகமாட்டீர்கள். விடுப்பு, மருத்துவக் காப்பீடு, ஊதியப் பாதுகாப்பு எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. புது ஆய்வகத்தில் கருவிகளைப் பழகி, உங்கள் புரதத்தை அங்கே ஒழுங்காகத் தயாரித்து, முதல் நல்ல அளவீடு கையில் கிடைக்கவே ஆறு மாதம் ஓடிவிடும். ‘பணம் இல்லை’ என்ற பதில் அப்போது வந்தால், பாதியில் நிற்கும் வேலை அந்த ஆய்வகத்தில் தங்கிவிடும். செலவு மட்டும் உங்களோடு திரும்பி வரும்.

ஆனால் அவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. உங்களை அவருக்குப் பிடித்திருக்கலாம், கையில் கிராண்ட் (ஆய்வு நிதி) இல்லாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: “ஊதியமில்லாமல் வர என் சூழ்நிலை இடம் தரவில்லை. ஆனால் உங்கள் ஆய்வகத்தை மையமாக வைத்து ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். நீங்கள் என் ஆதரவுப் பேராசிரியராக இருந்து திட்டத்தைச் சேர்ந்து எழுத முடியுமா?” உண்மையிலேயே உங்களை விரும்புகிறவர் இதற்குச் சரி என்பார்; அவருக்கு இதில் பணச் செலவில்லை, சில மணி நேர உழைப்புதான். நழுவினால் அந்த ஆறு மாதமும் எப்படிப் போயிருக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

ஏஜென்சி விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. போஸ்ட்டாக் ஆளை ஆய்வகத் தலைவர்தான் தேர்ந்தெடுக்கிறார், நடுவில் இன்னொருவருக்கு வேலையே கிடையாது. விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், ‘விசா முன்பணம்’ என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் முகவரியிலிருந்து வராமல் சாதாரண ஜிமெயிலில் நியமனக் கடிதம் வந்தால், அந்தத் துறையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதிச் சரிபாருங்கள்.

பணம் யாரிடம் இருக்கிறது?

உங்கள் தேடலில் நான் மாற்றச் சொல்லும் முக்கியமான விஷயம் இதுதான். மாணவர் சேர்க்கை போல, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் அது இடம் கொடுக்கும் என்று நினைத்துத் தேடியிருக்கிறீர்கள். போஸ்ட்டாக் இடத்தைக் கொடுப்பவர் ஒரு தனி ஆய்வகத் தலைவர். அவர் வாங்கிய கிராண்டில் உங்களுக்குச் சம்பளம் தருவார், இல்லையென்றால் நீங்கள் வென்ற ஃபெலோஷிப்போடு உங்களைச் சேர்த்துக்கொள்வார். பல்கலைக்கழகம் அந்த முடிவுக்குக் காகிதம் தயாரித்துத் தரும். சில பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சொந்தமாகவே ஃபெலோஷிப் தருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப் அப்படிப்பட்டது (இந்தியாவில் பிஎச்.டி. மாணவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் வேறு). ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, போட்டியோ கடுமை.

அதனால் யார் பெரியவர் என்பதைவிட, யாரிடம் இப்போது பணமும் உங்களுக்கு ஏற்ற கேள்வியும் இருக்கின்றன என்று பாருங்கள். இது ரகசியமில்லை. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்டிஸ், ஜெர்மனியின் கெப்ரிஸ், பிரிட்டனின் கேட்வே டு ரிசர்ச், ஜப்பானின் காக்கென் ஆகியவை எல்லோரும் பார்க்கக்கூடிய தகவல் தளங்கள். உங்கள் புரதத்தின் பெயரைத் தட்டினால் யாருக்கு எந்தத் தலைப்பில் கிராண்ட் கிடைத்தது, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று வரும். சமீபத்தில் கிராண்ட் தொடங்கியவருக்கு ஆள் வேண்டியிருக்கும். கிராண்ட் முடிய ஆறு மாதம் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ‘இடமில்லை’ என்றுதான் எழுதுவார். உங்களுக்கு வந்த அந்த மூன்று பதில்களில் இப்படிப்பட்டவையும் இருந்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியர்களையும் விட்டுவிடாதீர்கள். ஆய்வகம் தொடங்கக் கொடுத்த பணம் கையில் இருக்கும், ஆள் இருக்காது, உங்கள் மின்னஞ்சலைப் படிக்க நேரமும் இருக்கும்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் துறையில் மிக வலுவான சில இடங்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஏனென்றால் அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடையது. புரதங்களை உறையவைத்து அவற்றின் வடிவத்தைப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக 2017-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ரிச்சர்ட் ஹென்டர்சன் அங்கே பணியாற்றியவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் மாக்ஸ் பிளாங்க் உயிர் இயற்பியல் நிறுவனம், ஹைடல்பெர்க்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் இவையும் அப்படித்தான். உங்கள் பம்ப்புகளைப் போல செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் வேலை செய்யும் ஒருவர் இந்த மூன்றையும் பார்க்காமல் தேடியிருக்கிறார் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல கருவிகள், கெட்டிக்கார சகாக்கள், பின்னால் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரின் செல்வாக்கு எல்லாம் அதோடு வருபவை. ஆனால் முப்பது பேர் கொண்ட புகழ்பெற்ற ஆய்வகத்தில் தலைவரை மாதம் ஒருமுறை பார்த்து, மூன்று ஆண்டில் ஒரு பேப்பரும் இல்லாமல் வெளியே வருபவர்கள் உண்டு. உங்கள் அடுத்த வேலைக்கான தேர்வுக் குழு முதலில் பார்க்கப்போவது நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை. ஆகவே உங்கள் கடைசி வரிக்கு என் பதில்: இல்லை, அப்படி எதுவும் முடிந்துவிடாது.

அந்த மின்னஞ்சல்

நீங்கள் அனுப்பியது ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா’ என்று தொடங்குகிறது. கடின உழைப்பாளி என்கிறீர்கள், உலகப் புகழ் பெற்ற உங்கள் ஆய்வகம் என்கிறீர்கள், தெரிந்த பதினான்கு செய்முறைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனாலேயே யாரும் பதில் போடுவதில்லை. நூறு பேருக்கு ஒரே கடிதம் எழுதுவதற்குப் பதில் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொருவருடைய சமீபத்திய இரண்டு பேப்பரையாவது முழுதாகப் படித்த பிறகு எழுதுங்கள். உங்கள் வேலையை வைத்தே ஒரு மாதிரி தருகிறேன்:

“பம்ப்புப் புரதம் எந்தெந்த நிலைகளில் நிற்கிறது என்பதை உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரை படமாகக் காட்டியது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதை அதில் அளக்கவில்லை. நான் அதே குடும்பத்தைச் சேர்ந்த புரதத்தைச் சுத்திகரித்து, லிப்போசோமில் பதித்து, மருந்து கடக்கும் வேகத்தை அளந்திருக்கிறேன். இணைத்துள்ள பேப்பரின் மூன்றாவது படத்தில் பார்க்கலாம். உங்களிடம் உள்ள திடீர்மாற்றப் புரதங்களில் இந்த அளவீட்டைச் செய்தால், எந்தப் படி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி எனக்குத் தெரியாது, அதை உங்களிடம் கற்க விரும்புகிறேன். ஆறு மாதத்தில் தீசிஸ் சமர்ப்பிக்கிறேன். உங்களிடம் இடம் இருந்தாலும், சேர்ந்து ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும், இருபது நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்குமா?”

என்ன கொண்டுவருகிறேன், என்ன கற்க வருகிறேன், எப்போது வர முடியும், பணத்துக்கு என்ன வழி என்ற நாலும் இதில் வந்துவிட்டன. தெரியாததை வெளிப்படையாகச் சொன்னது பலவீனமில்லை. எல்லாம் தெரிந்தவரை ஒருவர் ஏன் பயிற்சிக்கு எடுக்க வேண்டும்? சிவியையும் பேப்பரையும் மட்டும் இணையுங்கள், சான்றிதழ்கள் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அத்தோடு விட்டுவிடுங்கள்.

விளம்பரம் வரும் இடங்களையும் பாருங்கள். ஐரோப்பாவுக்கு யூராக்சஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே, அப்புறம் அந்தந்த ஆய்வகத்தின் சொந்தப் பக்கம். இதைப் படிக்கும் மற்றத் துறையினருக்கு ஒரு வார்த்தை: கணிதத்தில், குறிப்பாக அமெரிக்காவில், பல இடங்கள் மேத்ஜாப்ஸ் தளம் வழியாக வருகின்றன, விண்ணப்பக் காலம் ஆண்டின் கடைசி மாதங்கள். வானியலில் அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். உயிரியலில் இப்படி ஒரே பருவம் கிடையாது. ஒன்பது மாதம், ஓராண்டு முன்பே பேச்சைத் தொடங்குபவர்களுக்குத்தான் வசதி.

ஃபெலோஷிப்புக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஐரோப்பாவின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்குப் பொதுவாக செப்டம்பரில் கெடு முடியும். கெடு நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. சம்பளமில்லாத அந்த ஆறு மாதம் இந்தக் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். போட்டியும் ஏறிக்கொண்டே போகிறது, 2025-இல் 17,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்குக் கெடு தேதி இல்லை, பிஎச்.டி. முடித்த 4 ஆண்டுக்குள் எப்போதும் விண்ணப்பிக்கலாம், அங்கே உங்களை ஏற்கும் பேராசிரியர் வேண்டும். ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் (ஜேஎஸ்பிஎஸ்) ஃபெலோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து 6 ஆண்டு வரை நேரம் உண்டு. உயிரியலுக்கான சர்வதேச நிதி அமைப்பான ஹியூமன் ஃபிரண்டியர் சயன்ஸ் புரோகிராம் 3 ஆண்டு பணம் தரும், ஆனால் செய்ததையே தொடர்ந்து செய்ய நினைப்பவருக்கு அது சரிப்படாது, துறைத் திசையை மாற்றியாக வேண்டும். புரதத்தின் வேகத்தை அளக்கும் வேலையிலிருந்து, கிரையோ நுண்ணோக்கியால் அதன் வடிவத்தை ஆராயும் கட்டமைப்பு உயிரியலுக்குப் போவதை அவர்கள் போதுமான மாற்றமாக எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே யோசித்து எழுதுங்கள்.

அமெரிக்கா என்றால் குடியுரிமை விதியைப் பார்க்காமல் உழைப்பைக் கொட்டாதீர்கள். தேசியச் சுகாதார நிறுவனத்தின் எஃப்32 என்ற போஸ்ட்டாக் ஃபெலோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்.

கைடும் இரண்டாவது பேப்பரும்

கைடுக்குத் தெரியாமல் பிரீபிரிண்ட் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பயோஆர்க்கைவ் போன்ற பிரீபிரிண்ட் தளங்கள் எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் கேட்கும். சம்மதம் இருப்பதாக நீங்கள் பொய்யாகக் குறித்தால் அது ஆய்வு நெறிமீறல். தரவு பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை என்பதால், ‘நான் செய்த வேலைதானே’ என்ற வாதமும் நிற்காது. ஒரு புகார் போதும், கிடைக்கவிருந்த இடமும் கைவிட்டுப் போய்விடும்.

ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. ‘எழுதிக்கொண்டிருக்கும் பேப்பர்’ என்று சிவியில் போட்டால் அதை யாரும் மதிக்கமாட்டார்கள், பிரீபிரிண்டை மதிப்பார்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனமே 2017 முதல் விண்ணப்பங்களில் பிரீபிரிண்டை மேற்கோள் காட்ட அனுமதிக்கிறது. இதைக் கைடிடம் நேராகப் பேசுங்கள். ‘எப்போது பார்ப்பீர்கள்’ என்று கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்றுதான் பதில் வரும். “ஃபெலோஷிப் கெடு இந்தத் தேதி, அதற்கு ஒரு மாதம் முன்பு பிரீபிரிண்ட் வேண்டும், முடிவுகள் பகுதியை மட்டும் இந்த வாரம் பார்த்துத் தர முடியுமா?” என்று கேளுங்கள். பல சமயம் கைடு தள்ளிப்போடுவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கும்: இந்தப் பெண் போகும்போது புராஜெக்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று. எது ஆய்வகத்தில் தங்கும், எதை நீங்கள் தொடர்வீர்கள் என்று உட்கார்ந்து பேசி, ஒரு சிறு மின்னஞ்சலில் எழுதிவிட்டால் அந்த முடிச்சு அவிழ வாய்ப்பு உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் ஆய்வுக் குழு உறுப்பினர், பிறகு துறைத் தலைவர் என்று போகலாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் அவர் தேவை. வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள், கைடின் கடிதம் இல்லையென்றால் அது உடனே கண்ணில் படும். “எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தயங்கினால், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த இன்னொருவரின் கடிதத்தை முதன்மையாக்கி, காரணத்தைக் கைடைக் குறை சொல்லாமல் ஒரே வரியில் எழுதுங்கள்.

குழந்தைக்காக எடுத்த இடைவெளி

மறைக்காதீர்கள். சிவியில் மாதம், ஆண்டோடு ‘மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பு’ என்று ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். நான் மேலே சொன்ன ‘இத்தனை ஆண்டுக்குள்’ என்ற வரம்புகளைப் பல அமைப்புகள் குழந்தைக்காக நீட்டித்துத் தருகின்றன. பின்னாளில் சொந்த ஆய்வகம் தொடங்க நீங்கள் தேடக்கூடிய ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஸ்டார்ட்டிங் கிராண்ட், தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் கூட்டித் தருகிறது. ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். நேர்காணலில் ‘இன்னொரு குழந்தை எண்ணம் உண்டா’ என்று கேட்பதைப் பல நாடுகளில் சட்டமோ பல்கலைக்கழக விதியோ தடுக்கிறது. யாராவது கேட்டால், “இந்த வேலையை முழுநேரமாகச் செய்ய நான் தயார்” என்று சொல்லி ஆய்வுப் பேச்சுக்குத் திரும்புங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

அழைப்பு வந்ததும் சந்தோஷத்தில் உடனே சரி என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் இப்போது இருப்பவர் ஒருவரோடும், வெளியேறிய இருவரோடும் தனியாகப் பேசுங்கள். வெளியேறியவர்களின் பெயர் பழைய பேப்பர்களிலேயே இருக்கும். எழுத்தில் சொல்லத் தயங்குபவர்களும் போனில் மனம் விட்டுப் பேசுவார்கள். தலைவரைத் தனியாகச் சந்திக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், ஒரே கேள்வியை இரண்டு பேருக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டா, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் வராவிட்டால் என்ன நடக்கும், கடைசியாகப் போன மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வகத் தலைவரே இந்தப் பேச்சுக்குத் தடை போட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நியமனக் கடிதத்தில் காலம், சம்பளம், நீட்டிப்புக்கான நிபந்தனை, காப்பீட்டில் குழந்தையும் சேருமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஊழியராக எடுக்கிறார்களா, ஃபெலோவாகவா என்று பாருங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் இந்த ஒரு சொல்லைப் பொறுத்து ஓய்வூதியச் சேமிப்பும் காப்பீடும் மாறிவிடும். தொழிற்சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்குகளின் குறைந்தபட்சச் சம்பளமே சங்க ஒப்பந்தப்படிதான் தீர்மானமாகிறது. அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஆய்வாளராகப் போனால் 5 ஆண்டுதான் உச்ச வரம்பு. சிலருக்கு, முடித்த பிறகு 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பின்பே வேறு சில விசாக்கள் கிடைக்கும் என்ற நிபந்தனையும் பொருந்தும். அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக ஆய்வகத் தலைவரிடமே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “இங்கே நான் தொடங்கும் வேலையில் எதை எடுத்துக்கொண்டு போய் என் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கலாம்?” உங்கள் கைடோடு இப்போது படும் பாடு இன்னொரு முறை வராமல் இருக்க இதுதான் வழி. ‘வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று போனில் சொன்னால், பேசியதைச் சுருக்கி அன்றைக்கே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேளுங்கள். அவருடைய பதிலை நியமனக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.